கண்மாய்க்குப் பேன் பார்த்த வருசம்

வடுகன்குறிச்சிக் கண்மாய் பதினோரு வருசத்துக்குப் பிறகு நிரம்பி மறுகால் பாய்ந்த வருசம் அது. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடியும்வரை விடாமல் பெய்து, கரை தளும்பி, கலுங்கு வழியாகத் தண்ணீர் நுரைத்து ஓடியதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்க மீன்பாசி ஏலம் எடுத்திருந்த சேவுகன் எங்கிருந்தோ ஒரு லாரி நிறையக் கை நீள மீன்களைக் கொண்டுவந்து இறக்கினான். கட்லா, ரோகு, மிருகால் என்று மூன்று வகை. நாலாவதாக ஒன்றும் கூடவே இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. மிளகைத் தட்டையாக நசுக்கி வைத்ததுபோல அவ்வளவு சின்னதாக, கண்ணாடித் துண்டுபோல நிறமே இல்லாமல் இருந்தது அது.

தை பிறந்தபோது மீன்களுக்கு அரிப்பெடுத்தது. படித்துறைக் கல்லில் முதுகைத் தேய்த்தன, தீவன மூட்டை தொங்கவிட சேவுகன் ஊன்றியிருந்த மூங்கில் கழிகளில் விலாவைத் தேய்த்தன, தேய்க்க எதுவும் கிடைக்காதவை நட்டநடு மத்தியானத்தில் ஆள் உயரம் துள்ளி, காற்றில் தேய்த்துக்கொண்டு விழுந்தன. செதில் உதிர்ந்து தண்ணீர் மேலே படலமாக மிதந்தது. குளிக்கப் போனவர்கள் உடம்பெல்லாம் செதில் ஒட்டி மினுமினுவென்று வீடு திரும்பினார்கள். மூட்டைத் தீவனம் தொடாமல் கிடந்து புளித்தது. மீன்கள் வற்றி வற்றி, தலை பெருத்து உடம்பு சிறுத்துப் போயின. சேவுகன் ஒரு அதிகாரியைக் கூட்டிவந்தான். அவர் ஒரு மீனைப் பிடித்து, செவுளுக்குப் பின்னால் ரத்தம் கட்டிச் சிவந்திருந்த இடத்தில் விரலை வைத்து, "இது மீன்பேன். ஒட்டிக்கிட்டு ரத்தத்த உறிஞ்சும். தொட்டியா இருந்தா மருந்து போடலாம், இத்தாம் பெரிய கண்மாய்க்கு எத்தன லாரி மருந்து கொட்றது?" என்றார். அவர் பேன் என்ற சொல்லைச் சொன்னபோது படித்துறையில் ஏழெட்டுப் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள் மீன்களும் இருந்தன. இரு தரப்பார் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணி வெயிலில் அடைக்கி அதே படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வயது. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பலகை, ஒரு அரிவாள்மனை, ஒரு சட்டி சாம்பல், அதுதான் அவளுடைய மீன்கடை. புருசன் இருந்தபோது தொடங்கியது, அவன் போய் ஒன்பது வருசமாகியும் நடக்கிறது. அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் பெண்டாட்டி முத்துராக்கு இருந்தாள். அடைக்கி புருசனுடைய கருமாதிப் பந்தலில் அத்தனை சனத்துக்கு முன்னால், "மீன் கழுவுற கையோட சோத்துப் பானையத் தொடாதீக அக்கா" என்று முத்துராக்கு சொன்னாள். அன்றைக்கு அடைக்கி கையை இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணோடு ஒரு சொல் பேசவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரே படித்துறையில் குளித்தார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு.

முழங்கை நீளக் கட்லா ஒன்று தண்ணீரை விட்டுப் படியேறி வந்தது. துடிக்கவில்லை, வாயைப் பிளக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வருவதுபோல ஒவ்வொரு படியாக ஏறி வந்து, அடைக்கியின் மடியில் தலையை வைத்துப் படுத்தது.

அடைக்கி கையிலிருந்த சேலையைப் பிழிந்து ஓரமாக வைத்தாள்.

"என்னத்தா, ரொம்ப அரிக்குதோ?" என்றாள்.

எத்தனை ஆயிரம் மீன் அவள் கையில் புரண்டிருக்கிறது, ஒன்றாவது தானாக வந்து படுத்ததில்லை. துடுப்பை விலக்கிப் பார்த்தாள். அடியில் வட்டமாக, பளபளவென்று, இரண்டு கரும்புள்ளிக் கண்களோடு அது ஒட்டிக்கொண்டிருந்தது. தலைப்பேன் விரல் பட்டதும் ஓடும். இது ஓடவில்லை, தோலோடு தோலாக அமுங்கிக்கொண்டது. நகத்தைப் பக்கவாட்டில் கொடுத்து நெம்பி எடுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்து ஸ்ஸ் என்று ஒரு குத்துக் குத்தினாள். பேன் குத்தும்போது எல்லாப் பெண்களுக்கும் தானாக வரும் அந்தச் சத்தம் அவளுக்கும் வந்தது. பதினேழு பேன். பதினேழாவதை எடுத்தபோது மடியில் கனம் கூடியிருந்தது. மீனுக்கு இமை கிடையாது, கண் திறந்தபடிதான் இருந்தது, ஆனாலும் அது உறங்கிவிட்டதென்று அந்தக் கனத்திலேயே அடைக்கிக்குத் தெரிந்தது. கொஞ்சநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அது எழுந்து, படியிறங்கித் தண்ணீருக்குள் போயிற்று. கீழ்ப்படியில் அடுத்தது காத்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்தில் ஊர் அதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கிவிட்டது. மத்தியானக் கஞ்சி குடித்துப் பாத்திரம் கழுவிய பிறகு, ஆடு மாடு திரும்புவதற்கு முன்னால். படித்துறையில் இடம் பற்றாமல் போனதும் மீன்கள் கரையேறி, அரசமரத்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குள் வந்தன, யார் மடி காலியாக இருக்கிறதென்று பார்த்து உட்கார்ந்தன. தபால்காரர் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு ஓரமாகப் போனார். கோயில் பூசாரி மீனுக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று மூன்று நாள் யோசித்து, ஈரத்தோடு உள்ளே வரக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட டீச்சர் ஒரு பேனைக் கண்ணாடித் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடி பிடித்து, பிள்ளைகளுக்கு அதன் இரண்டு உறிஞ்சு குழிகளைக் காட்டினார். பூனைகள்தான் பாவம். முதல் இரண்டு நாள் வெறிகொண்டு திரிந்துவிட்டு, பெண்கள் விளக்குமாற்றைத் தூக்கிய பிறகு, கூரையிலேறி உட்கார்ந்து கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் செல்போனில் படம் பிடித்து வெளியூருக்கு அனுப்பினார். அதில் பெண்கள் செத்த மீனை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரிந்தது. அதனால் பார்க்க ஒருவரும் வரவில்லை, ஊரும் அதை நல்லதென்றே நினைத்தது.

முதலில் சிரித்த ஆண்கள் பிறகு மஞ்சளும் உப்பும் அரைத்துக் கொடுத்தார்கள், பேன் எடுத்த புண்ணில் தடவ. பெண்கள் மீன்களோடு பேசத் தொடங்கியிருந்தார்கள். மாமியாரிடம் சொல்ல முடியாதது, புருசனிடம் சொல்லிப் பயனில்லாதது, சாமியிடம் சொல்லிச் சலித்தது எல்லாவற்றையும் செவுளோரம் குனிந்து சொன்னார்கள். எந்த மீனும் ஒன்றையும் வெளியே கொண்டுபோகவில்லை. பேன் முழுவதும் எடுத்து முடித்த பிறகும் சில மீன்கள் கதை முடியட்டும் என்று படுத்துக்கிடந்தன.

அடைக்கியின் கடைதான் முதலில் நின்றது. பேன் பார்த்த கையால் அறுக்காதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, வாங்கத்தான் யாரும் வரவில்லை. சந்தையிலிருந்து கடல்மீன் வாங்கிவந்து நாலு நாள் உட்கார்ந்து பார்த்தாள், ஐஸ் கரைந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு பலகையைத் தூக்கி வீட்டுக்குள் சாத்திவிட்டு நூறுநாள் வேலைக்குப் போனாள், மத்தியானம் திரும்பி வந்து மடியை விரித்தாள். மற்றவர்கள் ஒரு மீனுக்குப் பார்க்கிற நேரத்தில் அவள் நாலுக்குப் பார்த்தாள். எந்த எலும்புக்குப் பக்கத்தில் எந்தத் தோல் மெலிசு, எங்கே ரத்தம் சுலபமாக வரும் என்று அறுத்து அறுத்துப் பழகிய விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

மாசிக் கடைசியில் அந்தப் பெரிய மீன் வந்தது. சேவுகன் விட்ட மீன்களில் அது சேர்த்தியில்லை. ஆளுயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, செதில் ஒவ்வொன்றும் வெற்றிலை அகலம். மழைத் தண்ணீரோடு மேலே மாவிலிக் கண்மாயிலிருந்து வந்திருக்கும் என்றார்கள். அன்றைக்கு அடைக்கி வீட்டு வாசலில் அவளும், சுவருக்கு அந்தப் பக்கத்து வாசலில் முத்துராக்குவும் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் வீட்டோடு முடிந்துவிடும், வாசலில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான். மீன் தெரு வழியாக நிதானமாக வந்தது, அடைக்கி மடியில் தலையை வைத்தது. அதன் வால் நீண்டு போய் முத்துராக்குவின் மடியில் விழுந்தது.

இரண்டு பேரும் அசையவில்லை. மீனும் அசையவில்லை. தெருவில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் மீனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடைக்கி தலைப்பக்கம் தொடங்கினாள், முத்துராக்கு வால்பக்கம். வெகுநேரம் நகச் சத்தமும் ஸ்ஸ் என்ற சத்தமும்தான். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் புரட்ட வேண்டும், ஒரு ஆள் புரட்டுகிற மீன் இல்லை அது.

"பெரட்டணும்," என்றாள் அடைக்கி, மீனைப் பார்த்துக்கொண்டு.

"நான் வாலத் தூக்குறேன். நீங்க கழுத்துல கைகுடுங்க."

"மீனுக்கு ஏதுடி கழுத்து?"

முத்துராக்குவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாலைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானதென்று அவளுக்கே தெரியவில்லை. "அன்னைக்கு நான் வாய் தவறிச் சொல்லல அக்கா, வேணும்னுதான் சொன்னேன். ஒங்களுக்கு அத்தன சனமும் அழுதுச்சு. எனக்குப் பொறுக்கல," என்றாள். இரண்டு பேருமாக மீனைப் புரட்டினார்கள். அடைக்கி மறுபக்கத்துத் துடுப்பை விலக்கினாள். பொழுது சாயும்வரை பார்த்து முடித்து, பெரிய மீன் எழுந்து போன பிறகு, கை கழுவத் தண்ணீர் மொண்டு முதலில் முத்துராக்கு கையில் ஊற்றினாள்.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். எத்தனை எடுத்தும் பேன் குறைகிற வழியைக் காணோம். இன்றைக்குச் சுத்தமாகப் போகிற மீன் நாலு நாளில் மறுபடி சொறிந்துகொண்டு வந்தது. ஒருநாள் முத்துராக்குதான் கேட்டாள், "அக்கா, பேன் இருந்தா ஈரு இருக்கணும்ல? தலையில பேன் எடுத்தா மட்டும் போதுமா, ஈரு உருவாட்டி மறுபடி பொரிச்சுரும். இத்தன மீன் பாத்துட்டோம், ஒண்ணு மேலயாச்சும் ஈரு இருந்துச்சா?"

அடைக்கியின் கை நின்றுவிட்டது. அந்த நிமிசமே எழுந்து கண்மாய்க்குப் போனாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று படித்துறைக் கல்லின் அடிப்பக்கத்தைத் தடவினாள். விரலில் வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. மூங்கில் கழி ஒன்றைப் பிடுங்கி வெளியே போட்டுப் பார்த்தால், பசை தடவி வரிசை வரிசையாகக் கடுகு ஒட்டியதுபோல ஈரு, அடியிலிருந்து நுனிவரை. மீன்கள் சொறிந்துகொள்ள எதைத் தேடிப் போயினவோ அதன்மேல்தான் பேனும் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஊரே தண்ணீரில் இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட கழிகளைப் பிடுங்கிக் கரையில் வெயிலில் கிடத்தினார்கள். படித்துறைக் கற்களைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள். பத்து நாள் விட்டுப் புதுக் கழியை ஊன்றி, அதில் பேன் முட்டையிட்டதும் பிடுங்கிக் காயப்போட்டு, மறுபடி ஊன்றினார்கள். பங்குனி முடியும்போது மடியில் படுத்த மீனில் தேடித்தான் பேன் எடுக்க வேண்டியிருந்தது. மீன்கள் சதைபிடித்து, தீவனம் தின்று, முதுகு கறுத்துப் பளபளத்தன. ஆனாலும் மத்தியானமானால் வந்துகொண்டுதான் இருந்தன.

சித்திரையில் கண்மாய் பாதிக்கும் கீழே போய்விட்டது. சேவுகன் வெளியூரிலிருந்து வலைக்காரர்களைக் கூட்டிவந்தான். அவன் கெட்டவன் இல்லை. அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணமும் நாலு மாசமாகப் பேன் பார்த்தவள்தான். வலையை விரித்து இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்துக்கொண்டு வந்தபோது, மீன்கள் அதற்கு முன்னாலேயே கரையேறி, வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்த பெண்களின் மடியில் போய்ப் படுத்துக்கொண்டன. வலையில் பாசியும் ஒரு செருப்பும் வந்தன. "இதுல எதப் பிடிக்கச் சொல்றீக?" என்று வலைக்காரர்கள் கேட்டார்கள். பஞ்சவர்ணம் மடியில் மூன்று மீன்களோடு புருசனை நிமிர்ந்து பார்த்தாள். சேவுகன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் பிடிக்கல, விட்டுட்டேன்னே வச்சுக்கங்க," என்றான். "தண்ணி இன்னும் இருபது நாளைக்குத் தாங்கும். அப்பறம் இதுக சேத்துல கெடந்து சாகும். மடியில வச்சுப் பாத்த மீனு நாறிக் கெடக்கப் பாப்பீகளா? மதினி, நீங்களே சொல்லுங்க," என்று ஊர்முறைக்கு மதினியான அடைக்கி பக்கம் திரும்பினான்.

அவன் சொல்வது சரி என்று மற்ற எல்லோரையும்விட அடைக்கிக்குத் தெரியும். சேற்றில் செத்த மீனை அவள் பார்த்திருக்கிறாள்.

"மாவிலியில கோடைக்கும் தண்ணி கெடக்குமே தம்பி," என்றாள்.

"அங்க விட்டா அது அவுக மீனுல்ல?"

"பாதி ஒனக்குன்னு பேசுவோம். அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாப்போம்."

மாவிலிக்கு ஆளனுப்பிப் பங்கு பேசிவிட்டு, மூன்றாம் நாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். மாவிலிக்கு நாலு கிலோமீட்டர். முன்னால் அடைக்கியும் முத்துராக்குவும், பின்னால் ஊர்ப் பெண்கள் குடத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, அவர்களுடைய நிழலில் மீன்கள், கடைசியில் அந்தப் பெரியது. ஆண்கள் டிராக்டரில் தண்ணீர் டேங்க் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தார் ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பஸ்கள் நின்று வழிவிட்டன. கண்டக்டர் இறங்கி நின்று, "எல்லாம் போயிருச்சா? இன்னும் இருக்கா?" என்று கேட்டு, கடைசி மீன் கடந்த பிறகு விசில் ஊதினார்.

மாவிலிக் கரையில் அந்த ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பெரியவள் ஆண்டிச்சி, கண்மாய்ச் சங்கத்துத் தலைவி, நெட்டையான பெண், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்க மீனு பேனோட எறங்குச்சுன்னா நாளைக்கு எங்க மீனு எங்க வாசலுக்கு வரும். நாங்க நாத்து நடவா, பேன் பாக்கவா?" என்றாள்.

"ஞாயந்தான். நீங்களே ஒண்ணொண்ணாப் பாத்து எறக்குங்க. பேன் இருக்கறத எறக்க வேணாம்."

"அத என்ன செய்வ?"

அடைக்கி குடத்தை இறக்கி வைத்தாள். "எங்கிட்டக் குடுத்துருங்க. எனக்கு அறுக்கத் தெரியும்."

முத்துராக்கு அவள் கையைப் பிடித்தாள். ஆண்டிச்சி அடைக்கியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கரையில் உட்கார்ந்து மடியை விரித்தாள். மாவிலிப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

விட்டுக்கொடுக்காமல் பார்த்தார்கள். துடுப்புக்கு அடியில், வாலின் மடிப்பில், தாடைக்குக் கீழே. தழும்பைக் கண்டால் நகத்தால் கீறிப் பார்த்தார்கள். ஒன்று தேறியது, அடுத்தது தேறியது. தேறியவை சளக்கென்று தண்ணீரில் விழுந்து மறைந்தன. வெயில் ஏறி உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியது. வடுகன்குறிச்சிப் பெண்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மிச்சமிருந்தது பெரிய மீன். அதற்கு ஆண்டிச்சியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து மடி கொடுத்தார்கள். எல்லாம் பார்த்து முடித்து, ஆண்டிச்சி செவுளின் மூடியைத் தூக்கி உள்ளே விரலை விட்டாள். அவள் முகம் மாறியது. விரல் நுனியில் ஒன்றே ஒன்று, கண்ணாடிபோல, நெளிந்தது.

அடைக்கி முன்னால் வந்தாள். "சொன்னது சொன்னதுதான். குடுங்க," என்றாள்.

ஆண்டிச்சி அந்தப் பேனைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து ஸ்ஸ் என்று குத்தினாள். முந்தானையில் விரலைத் துடைத்தாள். பிறகு மீனின் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"இது எங்க கண்மாய் மீனுல்ல? இத்தாம் பெரிசு ஒங்க பக்கம் எங்க வளரும்? மழைக்கு எறங்கிப் போனது வீட்டுக்குத் திரும்பி வருது. எங்க மீன நீ எப்பிடி அறுப்ப?" என்றாள்.

மறுபடி ஒருமுறை செவுளுக்குள் பார்த்துவிட்டு, மூன்று பேரும் மடியைச் சாய்த்தார்கள். பெரிய மீன் கரைச் சரிவில் இறங்கி, தண்ணீரில் கழுத்தளவு போய் — கழுத்தென்று ஒன்று இருந்தால் — அமிழ்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. அடைக்கி ஈரச் சேலையோடு அங்கேயே நின்றாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், பசிதான் வந்தது.

"வெறும் வயித்தோட போகாதீக," என்று ஆண்டிச்சி எல்லோரையும் ஊர்ச் சாவடிக்குக் கூட்டிப்போனாள். இலை போட்டுச் சோறு வைத்தார்கள். அண்டாவைத் தூக்கிவந்து குழம்பு ஊற்றியபோதுதான் வடுகன்குறிச்சிப் பெண்கள் கவனித்தார்கள். மீன் குழம்பு. காலையிலேயே பிடித்து வைத்த அவர்கள் கண்மாய் மீன், விருந்தாளி வந்தால் அந்த ஊரில் அதுதான் வைப்பார்கள். ஆண்டிச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. கரண்டியோடு நின்றுவிட்டாள்.

நாலு மாசமாக வடுகன்குறிச்சியில் யாரும் மீனை வாயில் வைத்ததில்லை. இலைகளுக்கு முன்னால் எல்லோரும் அடைக்கியைப் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் பார்த்தாள், சேவுகன் பார்த்தான், பின்வரிசையில், அன்றைக்கு வலை இழுக்க சேவுகனுக்கு ஆள் சேர்த்துக்கொடுத்த ஊர் ஆண்கள்கூடப் பார்த்தார்கள். அடைக்கி தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இலையிலிருந்து முத்துராக்கு கையை நீட்டினாள். தனக்கு விழுந்த மீன் தலையை, உடையாமல் விரலால் ஏந்தி எடுத்து, அடைக்கியின் சோற்றின்மேல் வைத்தாள். "ஒங்களுக்குத் தலைதானே பிடிக்கும்," என்றாள் மெதுவாக.

அடைக்கி அதை உடைத்தாள். சோற்றோடு பிசைந்தாள். ஒரு வாய் வைத்து, மென்று, விழுங்கினாள்.

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றாள். "மத்தபடி நல்லாத்தான் வச்சிருக்கீக."

ஆண்டிச்சி விட்ட மூச்சு கடைசி இலைவரை கேட்டது. எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். அடைக்கி இரண்டாம் சோறு வாங்கும்போது, தன் ஊர் பஸ் ஸ்டாப்பில் மறுபடி பலகையைப் போட, வாரம் இரண்டு நாள் மாவிலிக்கு வந்தால் மீன் கிடைக்குமா என்று ஆண்டிச்சியிடம் கேட்டாள். திங்களும் வியாழனும் வரச் சொன்னாள் ஆண்டிச்சி.